அத்தியாயம் 9: நீல யுகுலேலேயும் சிவப்புக் குப்பியும்

போன வாரம் தொலைபேசியை வைத்ததும் முக்கால் செய்த முதல் காரியம், இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டதுதான். பொத்த வேண்டிய நேரத்தில் அந்த வாய் சும்மா இருக்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க அக்கா. உங்க ஸ்கூல் பாட்டை யுகுலேலேல வாசிச்சுக் காட்டறேன். ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும், நடுவுல நிக்காம!" என்று நாத்தனாரிடம் சவால் விட்டுவிட்டது.

மறுமுனையிலிருந்து "வர்றேன்" என்று ஒரே ஒரு சொல். வைத்துவிட்டார்.

இன்றைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முக்கால் என்பது நம் கதாநாயகியின் சொந்தப் பெயர் இல்லை. நாத்தனார் வைத்தது. நாத்தனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கல்யாணம், குழந்தை, குட்டி என்று எதற்குள்ளும் மாட்டிக்கொள்ளாமல் பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்த்தவர். குடும்பத்தில் எல்லோருக்கும் ஹெச்.எம். அக்கா. ஒருநாள் தம்பி வீட்டுக்கு வந்தவர் படுக்கையறையை எட்டிப் பார்த்தார். மூன்று சுவர் பச்சை, நான்காவது சுவர் பழைய மஞ்சள். பெயின்ட் அடிக்க ஆரம்பித்தவள் தம்பி மனைவி. அவளே பின்னிய ஸ்வெட்டர் ஒரு கையோடு நின்றுபோயிருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், லைசென்ஸ் பரீட்சைக்குப் போகவில்லை. ஹெச்.எம். அக்கா விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முக்கால்" என்றார். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. இப்போது தூரத்து உறவுக்காரர்கள்கூட "முக்கால் சௌக்கியமா?" என்றுதான் விசாரிக்கிறார்கள். இந்தக் கதைக்கும் அதே பெயர் தொற்றிக்கொண்டதற்கு நான் பொறுப்பில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் அவளுக்கு "மேடம்" என்று பெயர். வரவேற்பு மேஜை அவளுடையது. யாருக்கு எந்தப் பல், யார் ஊசியைக் கண்டால் ஓட்டம் பிடிப்பார், யாரைப் பேச்சுக் கொடுத்து உட்கார வைக்க வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இதையெல்லாம் பார்த்துத்தான் டாக்டரம்மா போன வாரம் அவளைக் கூப்பிட்டு, ஊருக்கு மறுகோடியில் திறக்கப்போகும் புதுக் கிளையை முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

முக்காலுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நொடியே இன்னொரு நினைப்பு. எடுத்துவிட்டு நடுவில் விட்டால்?

அதனால் யாருக்கும் தெரியாமல் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பாட்டை முழுதாக வாசித்து முடித்தால், டாக்டரம்மாவுக்குச் சரி என்று சொல்வது. நடுவில் நின்றுபோனால், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவது. உத்தியோகத்துக்கும் யுகுலேலேவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். தனக்குத்தானே பயப்படுகிறவர்கள் இப்படித்தான் ஏதாவது பந்தயம் கட்டிக்கொள்வார்கள்.

யுகுலேலே எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பெண், தன் முறை வரும்வரை மடியில் குட்டி கிடார் மாதிரி ஏதோ வைத்து மெல்ல மீட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கன்னத்தை விட்டுவிட்டுக் கேட்டார்கள். "கத்துக்கறது கஷ்டமா?" என்று முக்கால் விசாரித்தாள். "நாலே தந்திதான் மேடம்" என்றாள் அந்தப் பெண். நாலே நாலு என்றதும் முக்காலுக்கு ஆசை வந்துவிட்டது. கிடாருக்கு ஆறு, வீணைக்கு ஏழு. நாலைச் சமாளிக்க முடியாதா என்ன?

அந்தச் சனிக்கிழமையே, கல்லூரியில் படிக்கும் மகள் வாலுவைக் கூட்டிக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனாள். செல்போன் பழுது பார்க்கும் கடைக்கும் மெத்தைக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டிருந்த கடை. கடைக்காரர் மஞ்சள் துணியால் ஒரு கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விலை கம்மியா ஒரு யுகுலேலே வேணும். புதுசா கத்துக்கறதுக்கு."

கடைக்காரர் வாலுவைப் பார்த்தார். "பாப்பாவுக்கா?"

"பாப்பாவோட அம்மாவுக்கு" என்றாள் வாலு.

அவர் முதலில் இறக்கியது ரோஸ் நிறத்தில், கரடி படம் போட்டது. "இருக்கறதுலயே இதுதான் கம்மி." முக்கால் ஒரு தந்தியைத் தட்டினாள். தந்தியை முறுக்கியிருந்த திருகு, தானே கொஞ்சம் சுற்றி நின்றது.

"இது பொம்மைம்மா" என்று வாலு காதைக் கடித்தாள். "சுதியே நிக்காது."

அடுத்து அவர் எடுத்தது கண்ணாடி மாதிரி பளபளத்தது. விலையைக் கேட்டதும் முக்கால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாங்கிட்டா வாழ்நாள் முழுக்க உங்ககூடவே வரும் மேடம்."

"வாழ்நாள் முழுக்கக் கூடவே வர ஒருத்தர் ஏற்கனவே வீட்டுல இருக்காருங்க. அவரைச் சமாளிச்சா போதும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு வியாபாரம் நேர்மையாக நடந்தது. கீழ்த்தட்டிலிருந்து நீல நிறத்தில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். கரடி போட்டதைவிட ஒரு அளவு பெரியது. விரல் ஒன்றோடொன்று இடிக்காது என்றார்.

முக்கால் அதை வாங்கி, கழுத்தின் ஓரமாகக் கட்டை விரலை ஓட்டினாள். குறுக்கே பதித்திருந்த உலோகக் கோடுகள் வரிசையாக விரலில் பட்டன. ஒரு இடத்தில் நின்றாள். வருஷக்கணக்கில் எக்ஸ்ரே படங்களை உறையில் போட்டு அடுக்கின கண் அது.

"இதுல அஞ்சாவது பல்லு தூக்கிட்டு நிக்குது."

"பல்லா?"

அந்த இடத்துக்கு முன்னால் அழுத்தித் தட்டினாள். குளவி மாட்டிக்கொண்டது போல "ஞ்ஞ்ங்" என்றது. கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய், அதே நீலத்தில் இன்னொன்று கொண்டுவந்தார். முக்கால் விடவில்லை. நாலு தந்தியிலும் ஒவ்வொரு பல்லாக அழுத்தித் தட்டிப் பார்த்தாள். கிடார் தந்தி வாங்க வந்திருந்த ஒருவர் பொறுமை இழந்து அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். இதில் குளவி இல்லை.

பேரம் முடிந்து, ஒரு துணி உறையையும் இலவசமாகப் போட்டுக் கொடுத்தபோது கடைக்காரர் சொன்னார்: "ஒண்ணு கேட்டுக்கங்க. புது நைலான் தந்தி. கொஞ்ச நாளைக்கு நீண்டுக்கிட்டேதான் இருக்கும். காலைல சுதி சேர்த்தா சாயங்காலம் இறங்கியிருக்கும். கெட்டுப்போச்சுன்னு என்கிட்ட தூக்கிட்டு வந்துடாதீங்க. அலுக்காம ஏத்திக்கிட்டே இருங்க, தானா அடங்கிடும்."

முக்கால் தலையாட்டினாள். வாலுவும் தலையாட்டினாள். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து இதை மூன்றாவது ஆளிடம் சொல்லவில்லை. இந்த வார வம்பு முழுக்க அங்கேதான் ஆரம்பம்.

அந்த மூன்றாவது ஆள், முக்காலின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனுஷன். உலகத்தில் எந்தத் திருகாவது தளர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. சட்டைப் பையில் சின்னதாக ஒரு சிவப்புக் குப்பி எப்போதும் இருக்கும். திருகாணிகள் கழன்று போகாமல் இறுக்கிப் பிடிக்கிற பசை. ஒரு சொட்டு விட்டால் போதும், பிறகு அந்தத் திருகாணி அசையாது. குக்கர் கைப்பிடி, நாற்காலிக் கால், குளியலறைக் கொக்கி என்று வீட்டில் அந்தக் குப்பி பார்க்காத இடம் இல்லை. ஒருமுறை முக்காலின் மூக்குக்கண்ணாடிக்கும் ஒரு சொட்டு விட்டார். கண்ணாடி மாற்றப் போனபோது கடையில் மூன்று பேர் முயன்று பார்த்துவிட்டு, புது பிரேமே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர் இரண்டு வாரமாகத் தினமும் காலையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, கூடத்திலிருந்து மனைவியின் குரல் வருகிறது: "ஐயோ, மறுபடியும் இறங்கிடுச்சு!"

எத்தனை நாள்தான் பொறுப்பார்?

இன்று காலை முக்கால் குளித்து முடித்து, அடுப்பில் காயை வேக வைத்து இறக்கிவிட்டு, கடைசியாக ஒருமுறை வாசித்துப் பார்க்க உட்கார்ந்தாள். பக்கத்தில் செல்போன், அதில் சுதி பார்க்கும் ஆப். முதல் தந்தியைத் தட்டினாள். முள் இடது பக்கம் சாய்ந்தது. இறங்கியிருக்கிறது. வழக்கம்தானே என்று திருகைப் பிடித்தாள்.

திருகு நகரவில்லை.

அடுத்த திருகு. அதுவும் நகரவில்லை. மூன்றாவது, நான்காவது.

"ஏங்க!"

வாயில் பிரஷ்ஷோடு மெக்கானிக் எட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு பெருமை. இந்த ஒரு கூப்பாட்டுக்காகத்தான் காத்திருந்தவர் மாதிரி நுரையைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.

"இனிமே இறங்கவே இறங்காது. நேத்து சாயங்காலம் நீ சுதி சேர்த்து வெச்சுட்டுக் கடைக்குப் போனியே, அப்பவே வேலையை முடிச்சுட்டேன். நாலுலயும் ஒவ்வொரு சொட்டு."

முக்கால் அவரைப் பார்த்தாள். யுகுலேலேயைப் பார்த்தாள். திருகை இன்னொருமுறை முறுக்கிப் பார்த்தாள்.

சத்தம் கேட்டு வாலு ஓடி வந்தாள். திருகைத் தொட்டுப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. "அப்பா! திருகு தானா சுத்தறதில்லப்பா. அது ஒழுங்கா இருக்கு. தந்திதான் நீளுது. நைலான். புதுசு!"

"தந்தி நீளுதா?" மெக்கானிக்கின் முகம் மெல்ல மெல்ல விழுந்தது. "ஐயையோ. புது லிஃப்டுக்குக் கம்பி மாட்டினாலும் அப்படித்தான் நீளும். கொஞ்ச நாள் கழிச்சுப் போய் இழுத்துக் கட்டணும். நானே செய்யற வேலையாச்சே!"

"வேலையில தெரியுதுல்ல? வீட்டுல கேக்கறதுக்கு என்ன?" முக்காலுக்குக் குரல் ஏறியது. "ஒரு வார்த்தை! 'இதுல ஒரு சொட்டு விடட்டுமா'ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ தினமும் இறங்கிடுச்சு இறங்கிடுச்சுன்னு புலம்பினியே..."

"புலம்பினேன். ஒட்டச் சொன்னேனா?"

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியும் ஆடவில்லை, அதுவும் சிவப்புக் குப்பியின் உபயம். "உனக்கு நல்லது பண்ணலாம்னு நெனச்சேன். அக்கா முன்னாடி நீ ஜம்முனு வாசிக்கணும்னு" என்றார். சொல்லும்போது குரல் கம்மியது.

முக்காலுக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. யுகுலேலேயை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். சாய்ந்தபோது அவளுக்குள் ஒன்று நடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், ஆகையால் நான் சொல்கிறேன். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆமாம், நிம்மதி. இனி வாசிக்க வேண்டியதில்லை. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் தயாராகத்தான் இருந்தாள், கணவர்தான் ஒட்டிவிட்டார். இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? ஹெச்.எம். அக்காவேகூட தம்பியைத்தான் திட்டுவார்.

அந்த நிம்மதி அவளுக்கு ரொம்பப் பழக்கமானது. ஸ்வெட்டர் பின்னும்போது அதே நிறக் கம்பளி நூல் கடையில் தீர்ந்துபோனபோது வந்த அதே நிம்மதி. கார் சொல்லிக்கொடுத்தவர் ஊர் மாறிப் போனபோது வந்தது. பச்சைப் பெயின்ட் டப்பா காலியானபோதும் வந்தது. ஒவ்வொரு முறையும் சாக்கு வெளியிலிருந்துதான் வந்தது. கதவைத் திறந்து வா என்று உட்கார வைத்தது அவள்தான்.

டாக்டரம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. நிம்மதி போன இடம் தெரியவில்லை. அடக்கடவுளே, என்றைக்குத்தான் நான் ஒன்றை முடிப்பேன் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

எழுந்து உட்கார்ந்தாள்.

"குக்கர் கைப்பிடி மாட்டிக்கிட்டப்போ என்ன பண்ணீங்க?"

"எப்ப? ஓ, அதுவா. சால்டரிங் அயர்ன் வெச்சு சூடு காட்டினேன். சூடு பட்டா இந்தப் பசை விட்டுடும்."

"கொண்டாங்க."

"அது இரும்புத் திருகாணி. இதுல பிடி பிளாஸ்டிக். உருகிட்டா?"

"உருகினா உருகட்டும். கொண்டாங்கங்க, அக்கா வந்துடுவாங்க."

சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்து அறுவை சிகிச்சை ஆரம்பமானது. மெக்கானிக் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டார். வாலு ஈரத்துணியை மரத்தின்மேல் சுற்றிப் பிடித்தாள். சூடான முனை திருகின் நடுவிலிருந்த சின்ன உலோகப் பல்சக்கரத்தைத் தொட்டதும் ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார்.

"விட்டுடுச்சு!"

முதல் திருகு சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. மூன்றாவது கொஞ்சம் அடம் பிடித்துவிட்டு வழிக்கு வந்தது. நான்காவதில்தான் கை வழுக்கியது. பிளாஸ்டிக் பிடி மெழுகு போலக் குழைந்து, பல்சக்கரத்தோடு ஒட்டி, ஆறி, இறுகிவிட்டது. இனி அதைச் சுற்ற எந்தக் கொம்பனாலும் ஆகாது.

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். "மூணு வந்துடுச்சு. ஒண்ணு மட்டும்..."

"முக்கால்னு சொல்லுங்க" என்றாள் முக்கால்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெக்கானிக்கின் கண்ணில் தண்ணீர். முக்கால் சிரித்துக்கொண்டே அந்தப் பிடிவாதத் தந்தியைத் தட்டினாள். இறங்கித்தான் இருந்தது, ஆனால் நல்ல நாதம். பார்க்கப்போனால் அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"வாலு, இந்த ஒண்ணு ஏறாது. மத்த மூணும் இறங்கும்ல?"

வாலு சிரிப்பை நிறுத்தினாள். "இறங்கும்."

"அப்போ மூணையும் இதுக்குப் பக்கத்துல இறக்கிடலாமே. ஆப்ல கொஞ்சம் கீழதான் காட்டும், காட்டிட்டுப் போகட்டும். நாலும் ஒரே அளவு கீழ இருந்தா போதாதா?"

"போதும்மா! பாட்டு கொஞ்சம் கனத்த குரல்ல வரும், அவ்ளோதான்."

இறக்கினார்கள். கடைசித் தந்தி சேர்ந்ததும் முக்கால் நாலையும் சேர்த்து மீட்டினாள். முன்பைவிடத் தாழ்ந்து, கொஞ்சம் தூங்கி எழுந்த குரல் மாதிரி இருந்தது. ஆனால் ஒன்றோடொன்று சண்டை இல்லாமல் ஒலித்தது.

வாசல் மணி அடித்தது. ஹெச்.எம். அக்கா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறவர். அவர் அகராதியில் அதுதான் நேரத்துக்கு வருவது.

"என்னடா நாத்தம் இது? எதைக் கொளுத்தினே?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். கையில் ஒரு துணிப்பை. வாலு வாங்கப் போனாள். "இருக்கட்டும், நானே வெச்சுக்கறேன்" என்று பையை மடியில் வைத்துக்கொண்டு, சோபாவின் நுனியில் முதுகு வளையாமல் உட்கார்ந்தார். செய்தித்தாள், சால்டரிங் அயர்ன், தம்பியின் நெற்றி டார்ச் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு வாசிக்கட்டுமா அக்கா?"

"வாசிச்சுட்டுச் சாப்பிடலாம்."

முக்கால் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாடுவதற்கு வாலு பக்கத்தில் நின்றாள். அவளும் அத்தையின் பள்ளியில் படித்தவள்தான், பாட்டு மனப்பாடம். அத்தையே எழுதிய பாட்டு. காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்கு நடக்கும்போது பாடுவது.

*வரிசையில் நடப்போம், வாசலைக் கடப்போம்...*

முதல் அடியில் விரல் தடுமாறியது. ஒரு தந்தி ஊமையாகத் தட்டியது. முக்கால் நிற்கவில்லை. இரண்டாவது அடியில் கை மாறியது. தந்தியை விரலால் அழுத்தும் பிடிகள் மூன்றே மூன்றுதான், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் பாட்டு ஒரு கணம் மூச்சு வாங்கியது. வாலு அந்தக் கணத்தில் வேண்டுமென்றே காலால் தரையைத் தட்டிச் சமாளித்தாள். மெக்கானிக் சமையலறை வாசலில் நின்று, தன் விரல்களையும் அதே மாதிரி மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், தன்னால் முடிந்த உதவி.

இரண்டாவது சரணம் போனது. மூன்றாவது சரணத்தில் கை தானாக மேலும் கீழும் போக ஆரம்பித்துவிட்டது. முக்கால் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள். முடிந்தது. முடிந்தேவிட்டது!

மெக்கானிக் விசில் அடித்தார். வாலு கைதட்டினாள்.

ஹெச்.எம். அக்கா தட்டவில்லை.

"இன்னும் முடியலையே" என்றார்.

கைதட்டல் நின்றது. "மூணு சரணம்தானே அத்தை?" என்றாள் வாலு.

"நாலு. மூணாவது முடியறதுக்குள்ள பிள்ளைங்க எல்லாம் கிளாசுக்குள்ள போயிடும். அதனால நாலாவதை யாரும் பாடினதே இல்ல. இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

எல்லாம் முடிந்தது என்று நினைத்த இடத்திலும் கடைசியில் முக்கால்தானா? டாக்டரம்மா, புதுக் கிளை, எல்லாம் கண் முன்னால் வந்து போயின. "எனக்கு நாலாவது தெரியாதே அக்கா" என்றாள் முக்கால். ஆனால் அவள் வலது கை, நிறுத்து என்று யாரும் சொல்லாததால், மெல்ல மீட்டிக்கொண்டேதான் இருந்தது.

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீ கையை நிறுத்தாதே" என்றார் ஹெச்.எம். அக்கா.

பாட ஆரம்பித்தார்.

அக்கா பாடி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மைக்கில் அதட்டித்தான் கேட்டிருக்கிறார்கள். கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல். அந்தப் பாட்டின் வழக்கமான சுதியில் நிச்சயம் எட்டியிருக்காது. இறங்கிய தந்திகளில் அது சுகமாக வந்து உட்கார்ந்தது.

*பாடம் முடியும், மணியும் அடிக்கும், பையை எடுத்து வெளியே வருவோம். காத்து நிற்பவர் கையைப் பிடித்து, கதைகள் பேசி வீடு திரும்புவோம்...*

நடப்போம், கடப்போம் என்று அதட்டுகிற பாட்டுக்கு இப்படி ஒரு முடிவா? கடைசி வரியில் அக்காவின் குரல் லேசாக உடைந்தது. முக்கால் அதைக் கேட்டும் கேட்காதது போல, கடைசிப் பிடியை அழுத்தி ஒருமுறை நீளமாக மீட்டினாள்.

"இப்ப முடிஞ்சுது" என்றார் அக்கா. பிறகு, பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் படிக்கிற குரலில், "முழுசா" என்றார்.

முக்காலுக்கு அழுகை வந்தது. அடுப்பைப் பார்க்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள். (சாக்குகளிலும் நல்ல சாக்கு உண்டு.) செல்போனை எடுத்து எழுதப் பார்த்தாள். இடது கை விரல்நுனிகள் தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்தன. திரை அவற்றை மதிக்கவில்லை. வலது கைக்கு மாற்றி, "சரி டாக்டர். புதுக் கிளையை நான் பார்த்துக்கறேன்" என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிய பிறகும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பின்வாங்கத் தோன்றவில்லை. கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஊருக்கு மறுகோடி என்றதும் அவர் என்ன சொல்வாரோ!

திரும்பினால், சமையலறை வாசலில் ஹெச்.எம். அக்கா. கையில் அந்தத் துணிப்பை.

"இதைப் பிடி."

உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் கம்பளி. முக்கால் இழுத்தாள். ஸ்வெட்டர். ஒரு கை இருந்தது. மறு கை இருக்க வேண்டிய இடத்தில், ஊசியிலிருந்து எடுத்த பின்னல் கண்கள் அவிழ்ந்துவிடாமல் யாரோ பத்திரமாக ஒரு நூலைக் கோத்துக் கட்டியிருந்தார்கள்.

"இது... இதை நான் தூக்கிப் போட்டுட்டேனே அக்கா!"

"நீங்க வீடு மாத்தினப்போ குப்பை மூட்டையில கெடந்துது. எடுத்து வெச்சேன்." அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குன்னுதானே ஆரம்பிச்சே. யாரும் எனக்குன்னு ஒண்ணும் பின்னினதில்ல. அதான் கோபம்."

முக்கால் அப்படியே நின்றாள். தன் பெயர் எங்கிருந்து வந்தது என்பது இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சுவரிலிருந்தும் இல்லை, காரிலிருந்தும் இல்லை. ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொள்ளலாமா என்று நினைத்தாள். அக்கா அதற்கெல்லாம் இடம் கொடுக்கிறவர் இல்லை. ஆகையால் அவர் வலது கையைப் பிடித்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை சாண் போட்டு அளந்தாள். அக்கா நல்ல பிள்ளையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இதே நிறம் கிடைக்காது அக்கா. வேற நிறத்துலதான் வரும். பரவாயில்லையா?"

"பச்சை, மஞ்சள், எதுவா இருந்தா என்ன? அடுத்த மாசத்துக்குள்ள வேணும்."

"அடுத்த மாசமா? அப்படி என்ன அவசரம்?"

"குளிர்ப் பிரதேசம் ஒண்ணுக்குச் சுத்திப் பாக்கப் போறேன். டிக்கெட் எடுத்தாச்சு."

"நீங்களா! தனியாவா அக்கா?"

கூடத்தில் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அப்பாவும் மகளும் காதைத் தீட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

எத்தனையோ பிள்ளைகளைத் திக்காமல் திணறாமல் பேச வைத்த ஹெச்.எம். அக்கா, ஸ்வெட்டரின் ஒற்றைக் கையைத் தடவிக்கொடுத்தார். காது மடல் சிவந்தது. "அது வந்து... தனியா இல்ல... ஒருத்தர்..." என்றவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டு அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

அளந்த கையை முக்கால் விடவில்லை.

"அக்கா, நடுவுல நிறுத்தக்கூடாது" என்றாள். "முழுசா சொல்லுங்க."